மூன்றரை மணி

வத்தலக்குண்டு தாண்டியதும் பேச்சு நின்றுபோனது.
பிறகு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
குணாளன் ஹார்ன் அடித்தான்.
நான் செவ்வந்தியின் மூக்கருகே
எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மன்னவனூருக்கும் கீழே
ஜீப் இதற்குமேல் வராது என்ற இடத்திலிருந்து
ஒன்றரை மணிநேர நடை.
சோலைக்குள் வெயில் சில்லறையாக விழுந்து கிடந்தது.
செவ்வந்தி அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தாள்.

கூட வந்த வேலப்பன்
உப்புப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து
"அட்டைக்கு. சோத்துல போட்றாதீங்க" என்றான்.
ஆற்றுக்குப் பேர் கேட்டேன்.
"ஆறுன்னுதான் சொல்லுவோம்."
கிளம்பும்போது மணலில்
தண்ணீருக்கு இரண்டடி தள்ளி ஒரு குச்சி நட்டான்.
"இதைத் தொட்டுச்சுன்னா மேல ஏறிப் படுங்க."
சரி என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.
அன்று சேர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

கூடாரத்துக்கு ஓர் ஆணி குறைந்தது.
ரசக் கரண்டியை அடித்து இறக்கினேன்.
மலைப்பூண்டைக் கல்லில் நசுக்கிக் கொதிக்கவிட்டதில்
புகை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தேடி வந்தது.
ரசத்தைக் குவளையால் மொண்டு குடித்தோம்.
செவ்வந்தி நடுவில் படுத்தாள்.
ஒரு கை அவன் சட்டையில், ஒரு கால் என் வயிற்றில்.
அவன் பையில் மாற்றல் உத்தரவு.
என் பையில் கையெழுத்துப் போடாத வீட்டுக்கடன் தாள்கள்.
இரண்டு பைகளும் தலைமாட்டில்
ஒன்றோடொன்று சாய்ந்திருந்தன.

முதலில் ஆறு
பாத்திரம் கழுவுகிற மாதிரி இருந்தது.
பிறகு பக்கத்து வீட்டில் யாரோ பேசுகிற மாதிரி,
சொல் பிடிபடாமல்.
நானாக ஒரு சண்டையைக் கேட்டுக்கொண்டே
உறங்கிப்போனேன்.

விழித்தபோது மூன்றரை.
ஓசை குறைந்திருந்தது. அதுதான் எழுப்பியது.
அதுவரை கற்களோடு வாயாடிக்கொண்டிருந்த ஆற்றுக்கு
இப்போது பேசக் கல்லே இல்லை.
வெளியே மழையில்லை.
ஐப்பசி வானத்தில் நட்சத்திரம்கூட இருந்தது.
மேலே எங்கோ, பூம்பாறைப் பக்கமோ என்னவோ,
கொட்டித் தீர்த்திருக்கிறது.

அவன் டார்ச் அடித்தான்.
குச்சி இல்லை.

"தூக்கு" என்றான்.

பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்று
யாரும் யாரிடமும் சொல்லவில்லை.
ஆணிகளைப் பிடுங்கினோம்.
தலைப்பக்கம் அவன், கால்பக்கம் நான்,
பைகளோடும் போர்வையோடும்
உறங்கும் ஆறு வயதோடும்
கூடாரத்தை அப்படியே தூக்கினோம்.
சப்பரம்போல என்று இப்போது சொல்லலாம்.
அப்போது நனைந்த பாறையும்
வழுக்கும் பெரணியும் மட்டும்தான்.

வேர்.
பார்த்துட்டேன்.
இடது.
உன் இடதா, என் இடதா?
மெல்ல.
இறக்கவா?
இன்னும் நாலடி.

மேட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம்.
மூச்சு அடங்க வெகுநேரமானது.
அவன் கணுக்காலில் அட்டை உருண்டு தொங்கியது.
பொட்டலத்தைப் பல்லால் கிழித்து உப்பு வைத்தேன்.
அது சுருண்டு விழுந்தது; ரத்தம் நிற்கவில்லை.
என் துப்பட்டாவின் முனையை அவனே எடுத்து அழுத்திக்கொண்டான்.
கீழே, நாங்கள் படுத்திருந்த இடத்தின்மேல்
தண்ணீர் ஓசையின்றிப் போனது.
எதிர்க்கரையில் இரண்டு பச்சைக் கண்கள், மிளாவாக இருக்கும்,
எங்களைப் பார்த்தன.
பிறகு வேறு வேலை இருப்பதுபோல் திரும்பின.

வெளுக்குமுன் சீகாரப் பூங்குருவி தொடங்கியது,
பாட்டு மறந்துபோன பையன்
சீட்டியடித்துத் தேடுவதுபோல.

செவ்வந்தி ஜிப்பைத் திறந்து தலையை நீட்டினாள்.
வெகுநேரம் பார்த்தாள்.
"ஆறு ஏன் தள்ளிப் போயிருக்கு?"

அவன் என்னைப் பார்த்தான்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
முந்தின செவ்வாய்க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"நீ விட்ட குறட்டைதான்" என்றான்.

அவள் நம்பவில்லை. கீழே இறங்கிக்
கரண்டியைத் தேடினாள். அது போனது போனதுதான்.
பைகளைத் திறந்து பார்த்தேன்.
உத்தரவு, கடன் தாள்கள்
எதுவும் நனையவில்லை.