இரண்டு கிலோமீட்டர்

உதைத்தால் கிளம்பிவிடுகிறது.
அதுதான் தொல்லையே.
கிளம்பாத வண்டியென்றால்
'ஆகாது' என்று புத்தைனாவிடம் சொல்லிவிட்டு
சல்மாபாத் கராஜில் எனக்காகக் காத்திருக்கும்
லாண்ட்குரூசர் ரேடியேட்டருக்குத் திரும்பியிருப்பேன்.

அறுபத்தெட்டாம் வருஷத்து டிரையம்ஃப்.
அவள் அண்ணன் நிறுத்திவிட்டுப் போய்
இருபத்தாறு கோடை.
மேலே ஒரு கம்பளி,
கம்பளிமேல் ஏசி வந்த அட்டைப்பெட்டி,
பெட்டிக்குள் பூனை.
"இதை எடுத்தால் என் கார் நிழலில் நிற்கும்.
ஓடினால் விற்போம், ஓடாவிட்டால் இரும்பு."
வேறெதுவும் அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

டேங்கில் பெட்ரோல் இல்லை.
பெட்ரோலாக இருந்த ஒன்று
பலாப் பிசின்போல் அடியில் கிடந்தது.
இரண்டு கை நட்டும் சரளையும் போட்டு
அதே கம்பளியில் சுற்றி
நானும் லேத்துக்கார இஷ்தியாக்கும்
தூங்காத பிள்ளையை ஆட்டுவதுபோல் ஆட்டினோம்.
துரு பாயசமாக வந்தது.

கிளட்ச் தட்டுகள் கட்டிக்கொண்டு
பிரியமாட்டோம் என்றன.
கார்ப்பரேட்டர் ஜெட்டில்
ஒற்றை வயர் இழைகூட நுழையவில்லை.
பேட்டரியை
உலகம் மாட்டுகிறபடி மாட்டினேன்,
புகை.
அந்தக் காலத்து வெள்ளைக்காரன்
பாசிட்டிவை பாடியில் கொடுத்திருக்கிறான்.
பத்தொன்பது வருஷ சர்வீஸ்
ஒரு ஃபியூஸோடு போயிற்று.
இஷ்தியாக் அன்று முழுக்க என்னை
'உஸ்தாத்' என்றே கூப்பிட்டான்.

பிறகு,
முப்பத்தேழாவது உதையில்
ஒரு இருமல்.
முப்பத்தெட்டில் கராஜே அதிர்ந்தது.
தகரக் கூரையில் புறாக்கள் இடம் மாறின.

வெள்ளிக்கிழமை விடியலில்
ரோடு காலியாக இருக்கும்போது எடுத்துப் போனேன்.
இரண்டு கிலோமீட்டர்.
ஆலி மேடுகளுக்கு எதிரே
தயங்கி, தும்மி, நின்றது.
ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால்
ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்.
மறுபடி இரண்டு கிலோமீட்டர்.

கண்டன்சர் மாற்றினேன். ஆலியில் நின்றது.
பாயிண்ட் இடைவெளியை அளந்து வைத்தேன்.
ஆலி.
காயில் சூடாகிறதோ என்று
புதுக் காயில், கைக்காசு பதினெட்டு தினார்.
ஆலி.
பிளக்கைக் கழற்றினால்
சரியான கரக் சாயா நிறம்.
அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன கேட்பான்?

நாலாவது வெள்ளி.
ஆகஸ்ட் புழுக்கம், சட்டை முதுகில் ஒட்டியது.
எதிரே நாலாயிரம் வருஷமாய்
நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் மண்மேடுகள்.
'இவர்களுக்கு நீ தேவலை' என்று
வண்டியிடம் சொல்லிக்கொண்டே,
கோபத்தில்தான்,
டேங்க் மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்.

முக்குளித்து எழுந்தவன்போல்
டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன்.
குண்டூசித் தலையளவு மூச்சுத்துளை.
உள்ளே பாதி, குளவி வைத்த மண்.
குளவி கூடு கட்டினால்
வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள்.
மீதிப் பாதி வெள்ளையாக, கெட்டியாக, புதிதாக:
அழகுக்கென்று நான் தேய்த்த பாலிஷ்.
நாலு மாசத்தில்
அழகுக்கென்று செய்த ஒரே வேலை.

லாண்டரிக்காரன்
காலரில் 417 என்று சீட்டுக் குத்திய ஊக்கு
இன்னும் சட்டையில் இருந்தது.
அதை நிமிர்த்திக் குத்தினேன்.
வெளிச்சம் வந்தது.

ஆலியைத் தாண்டியபோது
கை தானாக ஆக்ஸிலேட்டரைக் குறைத்தது,
பழக்கம்.
வண்டி குறையவில்லை.
மூன்று, ஐந்து, பதினொன்று,
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.
அண்ணன்காரன் எதற்காக நிறுத்தினான் என்று
முதன்முறையாக யோசித்தேன்.
வளைவு வந்தது, யோசனை போயிற்று.

ஜல்லாக்கில் கடல் தெரிந்த இடத்தில்
தயங்கி, தும்மி, நின்றது.

ஊக்கைக் கையில் எடுத்துக்கொண்டு
மூடியைத் திறந்தேன்.
சத்தமில்லை.
குலுக்கிப் பார்த்தேன்.

பெட்ரோல் தீர்ந்திருந்தது.
அவ்வளவுதான்.

இஷ்தியாக்குக்கு ஃபோன் போட்டேன்,
"கேன் எடுத்துட்டு வா" என்றேன்.
திட்டினான்.
அந்த அரை மணி நேரம்
வண்டியின் நிழலில்,
இருந்த அளவு நிழலில்,
உட்கார்ந்திருந்தேன்.