ஆறும்போது

டர்பனில், மேய்டன் துறைப் பக்கம்,
சர்க்கரை வாடை இன்னும் போகாத கிடங்கில்
முந்நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடிக் குமிழ்கள்
தலையுயரத்தில் தொங்கின.
கம்பி இழுத்தவன் நான்.
கணக்கில் தப்பிருந்தால் என்னைக் கேளுங்கள்.

குமிழுக்குள் ஓர் ஊசிமுனை,
ஊசிமுனையில் நான்கு தகடுகள்,
ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளி.
வெளிச்சம் பட்டால் சுழலும்.
ஏணி பிடிக்க வந்த சிபொங்கா
ஒன்றை மூக்கருகே வைத்துப் பார்த்து
பாட்டரி எங்கே என்றான்.
யுகேந்த்ரி பாதையாச்சி வாய் திறக்கவில்லை,
ஹாலோஜனைப் போட்டாள்.
கிடங்கு முழுக்க
சத்தமில்லாமல் கிறுகிறுத்தது.

ஒளி தள்ளுகிறது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், என்றாள்.
தள்ளினால் வெள்ளிதான் பின்வாங்கணும்.
இங்கே பார், கரி ஓடுகிறது.
உள்ளே மிச்சம் விட்ட துளிக் காற்று,
சூடான கரியின் ஓரத்தை உதைக்கிறது.
முழுக்க உறிஞ்சிவிட்டால் அசையாது.
"எல்லாம் அந்த மிச்சம்தான்."

நான் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.
எனக்கு அவள் தரவேண்டிய மிச்சம்
இரண்டாயிரம் ராண்ட்.
பேச்சு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

திறப்பு நாள். ஜூலைக் காற்று
தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
கோட்டுப் போட்டவர்கள், கல்லூரிப் பிள்ளைகள்,
தட்டில் சிறுசிறு சமோசா.
அட்டவணைப்படி பத்து மணிக்குப் போகவேண்டிய மின்சாரம்
எட்டேகாலுக்கே போய்விட்டது.

ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்றார்கள்.
டீசலுக்குக் கொடுத்த பணத்தை
நான் என் மிச்சத்தில் கழித்துக்கொண்டிருந்தேன்.
இருட்டு என்பதால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

தகடுகள் தளர்ந்தன, நின்றன.
எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.
அது சூடில்லாத வெளிச்சம்.
மனிதர்கள் தெரிந்தார்கள், தகடு மசியவில்லை.

பிறகு ஒன்று அசைந்தது.
தாடி வைத்த ஒருவர், "என் போன்! என் போன்!" என்றார்.
போனை அவர் நகர்த்திய பிறகும் அது சுற்றியது.
பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக.
ஆனால் கரி முன்னே, வெள்ளி பின்னே.
எல்லாம் தலைகீழ்.

காலம் திரும்பி நடக்கிறது, என்றாள் ஒருத்தி
அழகான குரலில்.
"அதெல்லாம் இல்லை," யுகேந்த்ரியின் குரல், கீழே தரையிலிருந்து.
உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது.
"கரி சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும்.
சூடு வெளியே போகிறது, அவ்வளவுதான்."
கொஞ்சம் கழித்து,
"புத்தகத்தில் படித்திருக்கிறேன்.
விளக்கை அணைக்கணும் என்று
எனக்குத் தோன்றவேயில்லை" என்று
தனக்குத் தானே சிரித்தாள்.

யாரோ போனை அணைத்தார்கள்.
இன்னொருவர் அணைத்தார்.
கடைசி வெளிச்சமும் போன பின்
சுழல்கிறதா நின்றதா என்று தெரியாமல்
நூறு பேர்
சமோசாவை மெல்லாமல் நின்றோம்.

மறுநாள் என் கையில் இரண்டாயிரத்தையும் வைத்து,
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
தானாக அணையும்படி சுவிட்ச் போடச் சொன்னாள்.
டீசலைப் பற்றிக் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
சாயங்காலம் இருபது லிட்டர் ஊற்றி வைத்தேன்,
கை நாறியது.

முதலில் சொன்ன கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.
முந்நூற்றுப் பதினொன்றுதான் சுற்றும்.
கதவோரம் தொங்கும் ஒன்றில் மயிரிழை விரிசல்.
அதற்குள் வேண்டிய அளவு காற்றிருக்கிறது,
துறைமுகத்துக் காற்று, உப்போடு.
வெளிச்சம் வந்தாலும் போனாலும்
அது பாட்டுக்குச் சும்மா இருக்கிறது.
மாற்றட்டுமா என்றேன்.
இருக்கட்டும் என்றாள்.
தினமும் உள்ளே நுழையும்போது
நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.