போனதைக் காணாத கொப்பி

இரண்டு மணிக்கு நாலு நிமிடம் தந்திருக்கிறார்கள்.
கிளிநொச்சியில், ஏ-ஒன்பது றோட்டோரம்,
ரயர்க் கடைக்கு மேலே எங்கள் அறை.
காற்றடிக்கும் மெசின் உறங்கிவிட்டது,
ரப்பர் மணம் மட்டும் படியேறி வருகிறது.

பன்னிரண்டு நெட்வேர்க்குகள்.
ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியே.
அறுபத்தாறு முடிச்சு.
எதை எதற்குக் கட்டினோம் என்று
கட்டினவர்களுக்கே மறந்துபோச்சு,
அவர்களில் இரண்டு பேர் இப்போது கனடாவில்.
விடிந்தால் நடுவில் ஒரே ஒரு சந்தி.
"மாங்குளம் மாதிரி" என்றான் ஜெனோசன்.
"முல்லைத்தீவோ மல்லாவியோ,
அதில வந்துதான் திரும்ப வேணும்."

எங்கேயோ உள்ள ஆய்வுகூடங்களின்
இரத்த அறிக்கைகள் இதற்குள்ளால் ஓடுகின்றன.
நோயாளிகளின் பெயர் எங்களுக்குத் தெரியாது.
எண்ணும் புள்ளியும், எண்ணும் புள்ளியும்.

பழையதை வெட்டிப்போட்டுப் புதியதைக் கட்டுவதில்லை.
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் சில நாள்.
ஊறாத வாய்க்காலில் திறந்துவிட்டால்
பாதித் தண்ணியை மண் குடித்துவிடும்.
ஊரின் பேர் எழுதிய பலகையும்
வளவின் பேர் எழுதிய பலகையும் நின்றால்
வளவைத்தான் நம்பும் பக்கெற்.
அதனால் புதிய சந்திக்கு ஊர்ப் பலகை வைத்துவிட்டு
வளவுப் பலகைகளை
ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிக்கொண்டு வருகிறோம்.

ஒன்று. இரண்டு. மூன்று.
ஆறு வரைக்கும் ஒரு பிங்கும் தவறவில்லை.

ஏழு.

"போகுது. வரேல்லை."
ஜெனோசனின் தேத்தண்ணிக் கோப்பை
உதட்டுக்கும் மேசைக்கும் நடுவில் நின்றது.

போகுது, வரேல்லை.
எனக்கு ஒன்பது வயது, ஓமந்தை, மத்தியானம்.
அம்மாவும் நானும் மடுப் பக்கத்தால் போனவர்கள்,
ஓமந்தையால் திரும்பி வருகிறோம்.
மேசையில் இருந்தவர் கொப்பியைப் புரட்டினார்.
நீங்கள் போனதாகவே இதில் இல்லையே.
போகாத ஆக்கள் எப்பிடித் திரும்பி வாறது?
அம்மா மாப் பையைக் கீழே வைத்தாள்,
பிறகு எடுத்தாள்,
பிறகும் கீழே வைத்தாள்.

சந்தியில் நிற்கும் பயர்வோலும் ஒரு கொப்பிதான்.
ஏழாவது பழைய வழியால் கேட்டிருக்கிறது,
பதில் புதிய சந்தியால் வருகிறது.
போனதைக் காணாதது
வருவதை விடாது.
ஏச்சில்லை, மறிப்பில்லை,
சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

"ஏழாவதுக்குள்ள ஆரோ கையால எழுதின
பழைய வரி ஒண்டு கிடக்கும். தேடு."
தேடினான். கிடந்தது.
ஆறு வருடம் முந்திய திகதி,
பக்கத்தில் இரண்டு எழுத்து.
என்னுடைய இரண்டு எழுத்து.

அழித்தேன்.
ஒரு மூச்சு அளவுக்கு ஒன்றுமில்லை.
பிறகு வந்தது,
பிறகு வரிசையாய் வந்துகொண்டே இருந்தது.

தடங்கல்: நாற்பத்தொரு விநாடி.
யாரோ ஒரு தாதி
ஒரே பொத்தானை இரண்டு தரம் அமத்தியிருப்பாள்.
காரணம் என்ற கட்டத்தில்
ஓமந்தை என்று எழுத ஏலாது.
'போகும் வழியும் வரும் வழியும் பொருந்தவில்லை'
என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.

"பழைய முடிச்சுகளை இப்பவே அழிக்கட்டோ?"
"ஒரு கிழமை கிடக்கட்டும்."
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
எல்லாரும் செய்வதுதான் அது.
எனக்குத்தான் கொஞ்சம் கூட இருந்தது.

மூன்றரைக்குப் படியிறங்கினேன்.
மரக்கறி லொறி ஒன்று
தம்புள்ளைப் பக்கம் விரைந்தது.
வந்தது டிப்போச் சந்தியால்.
சைக்கிளைக் கரடிப்போக்குப் பக்கம் திருப்பினேன்.
ஒரு நாய் குரைத்தது, பழக்கத்துக்கு.
வேறு ஒருவரும்
ஒன்றும் கேட்கவில்லை.