மடியாத கரு

ஐடஹோ, கூடிங். பிப்ரவரி.
ஆடுகள் குட்டி ஈனும் கொட்டகைகளில்
இரவெல்லாம் விளக்கு.
முள்கம்பி கிழித்த தொடையோடு
சாஸ்காவைத் தூக்கி வந்தார் எவுஸ்தாகியோ.
பெரு நாட்டுக்காரர். மூன்றாண்டு ஒப்பந்தம்,
இரண்டாயிரம் ஆடு,
ஓர் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு.

தையலுக்கு முன் ரத்தம் பார்ப்பது வழக்கம்.
வெள்ளணு ஒன்பதாயிரத்து இருநூறு என்றது எந்திரம்.
சரியான கணக்கு. நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம்.

சாயம் காய்ந்த சில்லில் ஒரு சொட்டு எண்ணெய்.
நியூட்ரோஃபிலின் கரு
மூன்று நான்காய் மடிந்திருக்க வேண்டும்.
இங்கே ஒவ்வொன்றும் நிலக்கடலை.
சில, வெறும் மொச்சைக்கொட்டை.
நூறு எண்ணியும்
ஒழுங்காய் மடிந்தது ஒன்றுமில்லை.

தொட்டில் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கிறது மஜ்ஜை.
அப்படி அனுப்ப, எங்கோ வீடு எரிய வேண்டும்.
"கர்ப்பப்பையில் சீழா?" என்றபடியே
டாக்டர் ஹால்வர்சன் மருந்துப் புட்டியை எடுத்துவிட்டார்.

இதற்குள் சாஸ்கா மூன்று காலில் நின்று
ஒரு பூனைக்கூடையையும் அதன் சொந்தக்காரியையும்
காத்திருப்பு அறையின் மூலைக்கு
ஓட்டிச் சேர்த்திருந்தது.

சீழ் பிடித்த நாய் இப்படி வேலை பார்க்காது.
மறுபடி குனிந்தேன்.
வடிவத்தை விட்டு உள்ளே பார்த்தேன்:
கட்டி கட்டியாய், கருஊதா,
பாகு இறுகிய பதம்.
பிஞ்சிலே பழுத்தது என்பார்கள்.
இது பழுத்த பிறகும்
பிஞ்சின் சட்டையைக் கழற்றாதது.
பிறவியிலேயே அப்படி. நோயில்லை.
இரண்டு டச்சுக்காரர்களின் பெயர் உண்டு இதற்கு;
நாய்க்கு அது தெரிய வேண்டியதில்லை.

புட்டி அலமாரிக்குப் போனது. ஏழு தையல்.

படிவம் நிரப்பும்போதுதான் கேட்டேன்,
குட்டி போட்டிருக்கிறதா என்று.
போன வசந்தம். ஸ்கேனில் எட்டு.
பிறந்தது ஐந்து.
குளிர், என்றார்.

தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று,
இரண்டும் சேர்ந்த கரு
பெரும்பாலும் உள்ளேயே மடிந்துவிடும்.
என் அரைகுறை ஸ்பானிஷில்
இதற்குச் சொல் இல்லை.

"ஆண் நாய் யாருடையது?"
"ஆற்றுக்கு அக்கரை, உர்ருத்தியாவின் பாண்டிட்.
இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். நல்ல வேலைக்காரன்.
இந்த வருஷமும் அவனோடுதான்…"

புதுச் சில்லின் ஓரத்தில்
பென்சிலால் பாண்டிட் என்று எழுதிக் காட்டினேன்.
மெல்ல வாசித்தார்.
தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
எட்டிலிருந்து ஐந்தை விரல்விட்டுக் கழித்து
மீந்த மூன்றை
மடக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.