வலப்பக்கத்துக் கிட்டார்

ராத்திரி பன்னிரண்டுக்கு வரும் என்றார்கள்.
எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது
தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்,
அதுவும் கையை உயர்த்திப் பிடித்தால்.
அட்டை ஏறாமல் காலுக்குச் சவர்க்காரம் பூசி
அண்ணனின் மழைக்கோட்டுக்குள் நின்றேன்.
ஒன்பது பாட்டும் இறங்கி முடிய
ஒன்றே முக்கால் மணி.

'பதினெட்டு கிலோ' குழுவின் இரண்டாவது அல்பம்.
பெயர்: அரைப்பேர்.
கொழும்பில் யாருக்காவது விளக்க வேண்டியிருக்கும்.
எங்களுக்கு வேண்டாம்.
கொழுந்து குறைந்த நாட்களில்
அம்மா கூடையோடு வீட்டுக்குள் இறக்கிவைத்த சொல் அது.

காலை, ஹட்டன் பஸ் நிலையம்.
மருந்துக்கடை திறக்க இன்னும் இருபது நிமிடம்.
ஃபோன் திருத்தும் டிலோஜன்
பனிஸைக் கடித்தபடியே தீர்ப்புச் சொன்னான்:
"முதல் அல்பம்தான் அல்பம்.
தகரத்துக்குக் கீழே பதிந்தது,
ட்ரம்ஸுக்கு நடுவில் மழை கேட்கும்.
இது ஏசி அறைச் சரக்கு.
கழுவித் துடைத்துக் கவிழ்த்த பீங்கான்."

ரிஸ்னா மூன்றாம் பாட்டைப்
பன்னிரண்டு தடவை கேட்டாளாம்.
பன்னிரண்டாவதில்தான் பிடித்ததாம்.
"பிடிக்காததை ஏன் பதினொரு தடவை?"
"பிடிக்கவில்லை என்று நிச்சயப்படுத்தத்தான்."

ஆட்டோ இந்திக்கவுக்குப் பாதிச் சொற்கள் புரியாது,
ஆனால் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுவான்.
"அரைப்பேர் என்றால்?"
"பாதிப் பெயர்."
"யாருடைய பெயர்?"
அந்த நேரம் டிக்கோயா பஸ் ஹாரன் அடித்தது,
நல்லவேளை.

என் முறை வந்தது.
"எல்லாம் சரி. ஆனால் யூஜின் எங்கே?
ஒரு பாட்டில்கூடக் கிட்டார் இல்லை.
விலக்கிவிட்டார்கள் போல.
என்றாலும் நாலாவது பாட்டு...
'மீதிப் பேரை யார் எழுதிக்கொண்டது' என்று
மெர்லின் கேட்டு நிறுத்துகிறாள்.
ட்ரம்ஸும் நிற்கிறது.
பதினொரு விநாடி ஒன்றுமே இல்லை.
அந்த ஒன்றுமே இல்லாததில் நான் அழுதேன்,
தொட்டி மேட்டில், தனியாக."

பேக்கரி வேனிலிருந்து சிவநேசன் குதித்தான்.
"கிட்டார் இல்லையா?
கிட்டார் மட்டும்தானே இருக்கிறது!
மெர்லின்தான் வாயே திறக்கவில்லை."

பைப்படியில் வாளிக்கு நிற்கிறவர்கள் மாதிரி
கத்திக்கொண்டோம்.
ஒரு பயணி மூட்டையை எடுத்துக்கொண்டு
அடுத்த வாங்குக்குப் போய்விட்டார்.

டிலோஜன்தான் கையை நீட்டினான்,
"இரண்டு பேரும் இயர்போனைக் கொடுங்கள்."
தொழில்காரன். ஊதினான், நகத்தால் தட்டினான்.
என்னுடையதில் வலது செத்து மாதக்கணக்கு,
அரிசி களைந்த தண்ணீரில் விழுந்தது.
அவனுடையதில் இடதை நாய்க்குட்டி மென்றிருந்தது.
குரலை ஒரு ஓரத்திலும்
கிட்டாரை மறு ஓரத்திலும் வைத்துப்
பதிந்திருக்கிறார்களாம்.
ரிஸ்னா சிரித்த சிரிப்பில்
பிளேன்டீ மூக்கால் வந்தது.

பிறகு தன் நல்ல இயர்போனைத் தந்தாள்.
"ஒரு பாட்டுத்தான். சார்ஜ் இல்லை."

நாலாவது.
மெர்லின் கேட்டாள்.
நின்றாள்.
வலப்பக்கத்திலிருந்து யூஜின் வந்தான்.
அவசரமில்லாமல்,
பெரட்டுக்குப் பிந்தியும் தலை குனியாதவன் போல,
ஒரே கம்பியை இழுத்து இழுத்து
பதினொரு விநாடியையும் நிரப்பினான்.
கடைசியில் ஒரு சின்ன இருமல்கூட இருந்தது.
அதை அவர்கள் அழிக்கவில்லை.

ஆக, பதில் இருந்திருக்கிறது.
நல்ல பதில்.
டிலோஜன்கூட ஒன்றும் சொல்லாமல்
பனிஸ் பேப்பரை நான்காக மடித்தான்.
"இப்போது?" என்றான் சிவநேசன்.
"கிட்டார் இருக்கிறது" என்றேன்.
அதற்கு மேல் சொல்ல
மருந்துக்கடை ஷட்டர் விடவில்லை.

பகல் முழுக்கப் பனடோல் எண்ணினேன்,
இருமல் மருந்து ஊற்றினேன்.
ராத்திரி மறுபடியும் தொட்டி மேடு.
புது இயர்போன் முந்நூற்று ஐம்பது ரூபாய்,
பையில்தான் இருக்கிறது, உறை பிரிக்காமல்.

பழையதை மாட்டிக்கொண்டேன்.
நாலாவது.
யாரும் பதில் சொல்லவில்லை.
கீழே லயத்தில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
ஏழு, எட்டு, ஒன்பது.