பதினோரு விநாடி

மாப்பால் கரைத்து வெளிறிய தொட்டியில்
எலியை இறக்குகிறேன்.
நீருக்கடியில் எங்கோ ஒரு கண்ணாடி மேடை.
நேற்று வழி தெரிந்திருந்தது அதற்கு.

முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர்.
இரண்டாவதற்குப் பூச்சிமருந்து.
மூன்றாவதற்கு மருந்தும், மேலே வல்லாரைச் சாறும்.
பெயர் வைக்கக் கூடாது என்பது விதி.
வைக்கவில்லை.
இருபத்தேழை மட்டும்
மனசுக்குள் வாடா என்பேன்.

இரண்டாம் கூண்டு எலிகள்
சுவரோரம் சுற்றிச் சுற்றி நீந்துகின்றன,
பூட்டிய கதவின் முன் நின்று
பையைத் துழாவுகிறவர்கள்போல.

இருபத்தேழும் சுற்றியது.
சட்டென்று நடுவுக்குத் திரும்பி
மேடையில் ஏறி
மீசையை உதறியது.
மற்றவற்றைவிடப் பதினோரு விநாடி முந்தி.

முனைவர் ஏபிஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எட்டு எலிகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
நாளைக்கு மூளைகளை எடுத்துவிடுவோம்."

எட்டாம் எண் டிராம்.
பாலத்தின் கீழே ரைன்
தன்பாட்டில் போகிறது.
கிளாரா சதுக்கம் தாண்டி அருட்பிரகாசத்தின் கடை.
வியாழக்கிழமைகளில்தான்
கொழும்பிலிருந்து கீரை வந்திறங்கும்.

"வல்லாரை இருக்கோ?"

"இண்டைக்கு நல்ல சாமான் அக்கா,
பாருங்கோ, ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை."

நான்கு பிராங்க்.
உப்புத் தண்ணீரில் போட்டேன்.
வடித்துவிட்டு இன்னொரு முறை.
பிறகும் ஒரு முறை.
சமையலறை விளக்கடியில்
ஒவ்வொரு இலையாய்த் தூக்கிப் பார்க்கிறேன்,
எங்காவது ஒரு புழு
கடித்திருக்காதா என்று.