அறுபதில்

ஆறு மணிக்கு ஐஸ் ஆலை என்னை வெளியே விடும்.
கொட்பே வாசலில் சைக்கிளை உருட்டும்போது
விரல் நுனிகள் என்னுடையவை அல்ல.
பாலையூற்றுக்கு வந்து
தேத்தண்ணிக் கோப்பையைக் கட்டிப் பிடித்திருந்தால்தான்
ஒவ்வொன்றாய்த் திரும்பி வரும்,
மோதிர விரல் கடைசியாய்.

ட்ரெவின் பார்த்தலட்டின் தங்கைக்கு
ஈஸ்டர் கழிந்து கலியாணம்.
கஃப்ரிஞ்ஞா இரண்டாம் சுற்றில்
பதினாறு அடி உனக்கு, என்றான்.
நூற்றி நாற்பதில்.
சொல்லிவிட்டு என் கையைப் பார்க்காமல்
வேறெங்கோ பார்த்தான்.

முதல் கிழமை நூற்றி நாற்பதிலேயே தொடங்கினேன்.
கடற்கரை வீதியில் நாய் துரத்த
மான் ஓடிப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரியும்:
அழகாய் ஓடும், பிறகு
தாரில் குளம்பு வழுக்கி
நாலு காலும் நாலு திசைக்குப் போகும்.
என் நாலு விரலும் அப்படித்தான்.

பிறகு மெட்ரோனோமை அறுபதுக்கு இறக்கினேன்.
அறுபது என்றால் என்னவென்று சொல்கிறேன்.
ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையில்
வெட்கப்பட நேரம் இருக்கும்.
சின்னவிரல் கம்பியை விட்டு
எவ்வளவு உயரம் வீணாய் எழும்புகிறது,
பெருவிரல் கிட்டாரின் கழுத்தை ஏன் நெரிக்கிறது,
தோள் எதற்குக் காதுவரை ஏறுகிறது,
எல்லாம் தெரியும்.
வேகம் மறைத்து வைத்திருந்த கடன்கள்.

நாலு சுரம். மேலே போய்க் கீழே வரும்.
நூறு தரம். பிழைத்தால் முதலிலிருந்து.
அறுபத்தி நாலு, ஒரு கிழமை.
அறுபத்தெட்டில் மோதிர விரல் மாட்டேன் என்றது.
திரும்ப அறுபது.

ஆலையில் இதைப் பார்த்திருக்கிறேன்.
உப்புத் தொட்டியில் இறக்கிய தண்ணீர்
ஓரத்திலிருந்துதான் உறையும்.
போட்காரர் படலையில் நின்று கத்தினாலும்
நடுப்பகுதி தன் நேரத்துக்குத்தான்.
அவசரத்தில் தூக்கிய கட்டி
வெளியே பாறை.
தட்டினால்
உள்ளேயிருந்து தண்ணீர் ஓடும்.

எண்பத்தெட்டு வந்த இரவு
சந்தோஷத்தில் நூற்றிப் பத்துக்குப் பாய்ந்தேன்.
சுவரில் யாரோ தட்டினார்கள்.
விடியப் பக்கத்து வீட்டுச் சுஹைரா,
தோளில் பிள்ளை, கண்ணெல்லாம் சிவப்பு:
“நானா, ராத்திரி ஏன் ஓடினீங்க?
ஒன்றரை மாசமா இவன் அதிலதான் படுக்கிறான்.
நடந்தே போங்களேன்.”

பிள்ளை என்னை முறைத்தான்.
எனக்கு இருந்த ஒரே ரசிகன்,
அதுவும் கொட்டாவி விடுகிறவன்.

அதன் பிறகு இரவில் அறுபதுதான். வேறு வழியில்லை.
வேகத்தை மத்தியானச் சோற்று நேரத்தில்
கம்ப்ரெசர் இரைச்சலுக்குள்
மண்வெட்டிப் பிடியில் தேடினேன்.
பொடியன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.
ஆனால் உண்மையான வேலை
இன்ஷாஃப் கண் மூட எடுத்த
அந்த நாற்பது நிமிஷத்தில்தான் நடந்திருக்க வேண்டும்,
நான் கவனிக்காதபோது.

கலியாணத்தில் ட்ரெவின் நூற்றி நாற்பதுக்கு எண்ணினான்.
ட்ரம்ஸ்காரனுக்குச் சாராயம் ஏறி
நூற்றி ஐம்பதைத் தாண்டிப் போனான்.
என் கை அவனோடு போனது.
நான் கொஞ்சம் பின்னால் நின்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த ஓட்டத்திலும்
ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில்
ஒரு ஆள் சாய்ந்து நிற்கிற அளவுக்கு
இடம் கிடந்தது.

பதினோராம் அடியில் ஒரு சுரம் தவறியது.
சொல்லத்தான் வேண்டும், தவறியது.
யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.
மணமகளின் மாமா
ஒற்றைச் சப்பாத்தோடு சுழன்றுகொண்டிருந்தார்.
ட்ரெவின் மட்டும்
இந்தமுறை என் கையைப் பார்த்தான்.

இரவு ஒன்றரைக்கு வீடு.
சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை.
கோட்டைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து
தொடங்கினேன், அறுபதில்,
தவறிய அந்தச் சுரத்திலிருந்து.